ரெண்டு நாள்ல ரெடியாகும் கடல்

டிஸ்கி: மீனைக் குழம்பில் மட்டுமே பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். மத்தவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளம் ஜாஸ்தி.

பேங்க்ல வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. குடியிருப்பில் யார் வீட்டுக்கு எந்தக் கொட்டேஷன் வந்தாலும் "சார், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நம்ம கையில் கொடுத்துவிடுவார்கள். மாடுலர் கிச்சன், சோலார் ஹீட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் பார்த்தாச்சு. போன மாசம் வந்தது ஒரு கடல் மீன் தொட்டிக்கான கொட்டேஷன். கொண்டு வந்தவர் மதுரைக்காரர், எங்க பிளாக்கில் இருக்கும் நாலு தமிழ்க் குடும்பத்தில் ஒன்று. பையனுக்குப் பிறந்த நாள் வருது, ஹால்ல ஒரு ரீஃப் டேங்க் வெச்சுடலாம்னு ஆசை. என் வீட்டில் நாலு வருஷமா ஒரு மென்பவளத் தொட்டி ஓடிக்கொண்டிருப்பதால் இந்த முறை என்னிடம் வந்ததில் நியாயமும் இருக்கிறது.

படித்தேன். கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறாததால்தான் இந்தப் பதிவு.

மூணு அடித் தொட்டி, மரக் கேபினெட், எல்.இ.டி. விளக்கு, மோட்டார், உப்பு, பதினைந்து கிலோ லைவ் ராக், மீன் ஏழு, பவளம் ஐந்து. கடைசி வரியில் தடித்த எழுத்தில்: 'இரண்டே நாளில் நிறுவித் தரப்படும்'. வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்தினால் ஞாயித்துக்கிழமை பார்ட்டிக்கு நெமோ நீந்துமாம்.

இதைக் கடனுக்கான விண்ணப்பமா நினைத்துப் பாருங்க. ஒருத்தர் தொழில் தொடங்கக் கடன் கேட்டு வருகிறார். மெஷின் விலை எழுதியிருக்கிறார், ஷெட் விலை எழுதியிருக்கிறார். மாசாந்திரச் செலவு, மூலப்பொருள், கரண்டு பில், உற்பத்தி தொடங்க எத்தனை மாசம் ஆகும் என்பது எதுவும் இல்லை. எங்க கிளையில் புதுசா சேர்ந்த பையன்கூட அந்த ஃபைலைத் திருப்பி அனுப்புவான். ஆனால் உயிருள்ள பன்னிரண்டு பிராணிகள் போகிற ஃபைலில் கையெழுத்துப் போட நாம ரெடி.

முதலில் அந்த ரெண்டு நாள் கணக்கைப் பார்ப்போம். மீன் சாப்பிடும், கழியும், மூச்சு விடும். எல்லாவற்றிலிருந்தும் அம்மோனியா வரும். கடலில் அது எங்கேயோ கரைந்து போகும். 190 லிட்டரில் எங்கே போகும்? அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இந்த ரெண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சாதாரணமா நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே இருக்கக்கூடாது. நாமே கொஞ்சம் அம்மோனியாவை ஊற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் டெஸ்ட் கிட்டில் கலர் பார்த்து, ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போகிறதா, நைட்ரைட்டும் சைபர் காட்டுகிறதா என்று நோட்டில் எழுதி வர வேண்டும். ஆமாம், வெறும் கல்லும் உப்புத் தண்ணியும் இருக்கிற தொட்டியை ஆறு வாரம் வேடிக்கை பார்க்கணும். வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் "என்ன சார், மீன் எங்கே?" என்று கேட்பாங்க. தங்கமணி ஐந்தாவது வாரம் "இதுல கீரையாவது போடலாமா"ன்னு கேட்டாங்க.

கடைக்காரருக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். "பாட்டில் பாக்டீரியா ஊத்திடறோம் சார்" என்பார். அந்தப் பாட்டில் முழுப் பொய்யும் இல்லை. நல்ல சரக்காக இருந்தால், வெயிலில் கிடக்காமல் வந்திருந்தால், காலத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் ஏழு மீன் ஒரே ஞாயித்துக்கிழமை இறங்கினால் தாங்கும் தொட்டியை எந்தப் பாட்டிலும் ரெண்டு நாளில் தராது. அப்புறம் என்ன நடக்கும்? செவ்வாய்க்கிழமை ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வியாழக்கிழமை ரெண்டு போய்விடும். போன் பண்ணினால் "தண்ணி செட் ஆகுது சார், வேற மீன் கொண்டு வரேன்" என்று பதில் வரும். இதுதான் அந்த வியாபாரத்தின் உண்மையான லாபக் கணக்கு. தொட்டியில் மார்ஜின் கம்மி. செத்த மீனுக்குப் பதிலாக வாங்கும் மீனில்தான் காசு.

இதே குடியிருப்பில் ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. மூணு மாசத்தில் தொட்டி காலி. இப்போ அதில் பிளாஸ்டிக் பூ வெச்சிருக்காங்க. அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு ஒவ்வொரு நாளும் ஸ்கூல் விட்டு வந்ததும் இன்னிக்கு எத்தனை மிச்சம் என்று எண்ணும் என்று அதன் அம்மா சொன்னார். பிறந்த நாள் பரிசு!

சரி, கொட்டேஷனில் இருந்த மீன்களுக்கு வருவோம். ஏழில் ரெண்டு கோமாளி மீன், ஒரு நீல டாங் (படத்தில் வரும் டோரி), ஒரு மாண்டரின், பாக்கி மூணு டாம்செல். கோமாளி மீன் பரவாயில்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்தது கிடைக்கிறது. நம்ம ஊர்க்காரங்களே இதில் நல்லா வேலை செய்திருக்காங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீனை வளர்த்துக் காட்டியவர்கள். (இடையில் ஒரு தகவல்: கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அது செத்தால் அடுத்த பெரிய ஆண், பெண்ணாக மாறிவிடும். 2003-ல் வந்த நெமோ படத்தை இயற்கைப்படி எடுத்திருந்தால் பாதிப் படத்தில் அப்பா அம்மாவாகியிருப்பார்!)

நீல டாங் ஒரு அடி வரை வளரும் மீன். நாள் பூரா நீந்திக்கொண்டே இருக்கும். அதற்கு மூணு அடித் தொட்டி என்பது நம்மை ஏ.டி.எம். அறையில் குடியிருக்கச் சொல்வது மாதிரி. 2016-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முதல் முறையாக வளர்த்துக் காட்டினார்கள் என்றாலும், கடைக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். மாண்டரின் இன்னும் மோசம். கல்லில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பூச்சிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும் மீன் அது. புதுத் தொட்டியில் அந்தப் பூச்சிகளே இருக்காது. நாம போடும் தீனியைப் பெரும்பாலும் தொடாது. கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்து சாகும். மயில் மாதிரி கலர், அதனால் பேக்கேஜில் சேர்த்துவிடுகிறார்கள்.

கொட்டேஷனில் இல்லாதவை எல்லாம் எங்க ஊர்ப் பிரச்சினைகள். நாக்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் பல நூறு கிலோமீட்டர். மே மாசம் 45 டிகிரியைத் தொடும். டிசம்பர் ராத்திரியில் பத்து டிகிரிக்கு இறங்கும். பவளத்துக்கு வேண்டியது 24-லிருந்து 27 டிகிரி, வருஷம் முழுக்க. அதாவது கோடைக்கு சில்லர், குளிருக்கு ஹீட்டர், ரெண்டும் வேணும். காரணம் சும்மா இல்லை. பவளத்தின் உடம்புக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் சர்க்கரையில்தான் பவளத்தின் பெரும்பகுதிச் சாப்பாடு நடக்கிறது. சூடு தாண்டினால் அந்தப் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும், வெளுத்துப் போகும், அப்புறம் பட்டினி. 2016-ல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். நம்ம ஹாலில் அதே விஷயம் ஒரே மத்தியானத்தில் நடக்கும், ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது.

என் தொட்டியின் கோடைக்கால கரண்டு கணக்கு இது. சில்லர் 250 வாட், நாளுக்குப் பத்து மணி நேரம். விளக்கு 100 வாட், ஒன்பது மணி நேரம். பம்புகள் 40 வாட், நாள் முழுக்க. கூட்டினால் நாளுக்கு நாலரை யூனிட்டை ஒட்டி வரும், மாசம் 130 யூனிட். உப்பு: வாரம் இருபது லிட்டர் தண்ணி மாற்றினால் முக்கால் கிலோ, வருஷத்துக்கு நாற்பது கிலோவை நெருங்கும். இதெல்லாம் வாங்கின அன்னிக்கு ஒரு தடவை கட்டி முடிக்கிற காசு இல்லை, தொட்டி இருக்கிறவரை மாசா மாசம் போகிற செலவு. பி.காம். முதல் வருஷத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அது ஞாபகம் இருக்கிற யாரும் அந்தக் கொட்டேஷனில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அப்புறம் தண்ணி. "வீட்டுல ஆர்.ஓ. இருக்கே சார்" என்றார் நம்ம மதுரைக்காரர். நம்ம குடிதண்ணி ஆர்.ஓ.வில் பாதிக்கு மேல், சுவைக்காகக் கொஞ்சம் சாதாத் தண்ணியைத் திரும்பக் கலந்து விடுகிற திருகு ஒன்று இருக்கும். மனுஷனுக்கு அது நல்லது. தொட்டிக்கு அந்த வழியாகத்தான் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் உள்ளே வந்து பாசியை வளர்க்கும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் ரெசின் வடிகட்டி ஒன்று போட்டு, மீட்டரில் டி.டி.எஸ். சைபர் காட்டும் தண்ணியில்தான் உப்பைக் கலக்கணும். லிட்டருக்கு 35 கிராம், ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025. ஆவியாகும் தண்ணிக்குப் பதிலாக ஊற்றுவது மட்டும் உப்பில்லாத நல்ல தண்ணி. ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியே உள்ளே நிற்கும். எங்க ஊர் வறட்டு வெயிலில் தினமும் நாலைந்து லிட்டர் போகும். இதைச் சொல்லித் தராமல் தொட்டி விற்கிறவர், பிரேக் எங்கே இருக்கு என்று சொல்லாமல் வண்டிச் சாவியைக் கொடுக்கிறவர்.

இப்போது அந்த 'லைவ் ராக் பதினைந்து கிலோ, பவளம் ஐந்து' என்ற வரி. என் கோபத்தில் முக்கால்வாசி இதற்குத்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். கடலிலிருந்து பெயர்த்த பவளக் கல் கரையில் குவிந்து கிடந்ததைச் சின்ன வயசில் பார்த்தவன். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் போகிற கல் என்றுதான் அப்போ எல்லோருக்கும் தெரியும், அது உயிராக இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணிக்கு அடியில் இருக்கின்றன. சுற்றியிருந்த பவளப்பாறையைப் பெயர்த்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போய் மூழ்கியவை. எங்க ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவும் தேய்ந்துகொண்டே போய், 2015-லிருந்து கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

2001-ல் கல் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரையும் அந்த வருஷம்தான் உள்ளே வந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் பவளங்கள் முதல் அட்டவணையிலேயே தொடர்ந்தன. தண்டனை மூணு வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். செத்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். 'லைவ் ராக்' என்று விற்பது பெரும்பாலும் பவள எலும்புக்கூடு. "செத்துப் போனதுதானே சார்" என்று கடைக்காரர் சொல்வார். புலித்தோலும் செத்ததுதான்.

அரசு வேலை, பேங்க் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் நிதானமாப் படிக்கணும். ஹாலில் ஒரு மூளைப் பவளமோ ஆக்ரோபோராவோ வெச்சுப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர், தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. "இந்தோனேஷியாவிலிருந்து வந்த சரக்கு" என்றால் இறக்குமதிக் காகிதத்தைக் கேளுங்க. நான் கேட்டுப் பார்த்த மூணு கடையிலும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், காகிதம் வரவில்லை.

நான் மென்பவளம் என்று அடித்துச் சொல்வது இதனால்தான். லெதர் பவளம், காளான் பவளம், சீனியா, பச்சை நட்சத்திர பாலிப் இதெல்லாம் அந்த அட்டவணையில் இல்லை. (அதற்காக மன்னாரில் போய்ப் பெயர்த்து வரலாம் என்று பொருள் இல்லை. தேசியப் பூங்காவிலிருந்து எதைத் தொட்டாலும் குற்றம். கடல் விசிறி பார்க்க மென்மையாக இருந்தாலும் பட்டியலில் இருக்கு, அதையும் மறக்காதீங்க.) சட்டத்தை விடுங்க, புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு ஏற்ற பிராணியும் இதுதான். கல் பவளத்துக்கு எலும்பு கட்ட கால்சியமும் காரத்தன்மையும் நாள் தவறாமல் அளந்து ஊற்றணும், ஒரு வாரம் ஊருக்குப் போனால் கதை கந்தல். மென்பவளத்துக்கு அப்படி எலும்புக்கூடு கிடையாது. வாரம் ஒருமுறை மாற்றும் உப்புத் தண்ணியில் இருப்பதே போதும். வெளிச்சம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கோபம் வந்தால் சுருங்கிக் காட்டும், சமாதானமானால் விரியும்.

இன்னொரு குணம் இருக்கிறது. லெதர் பவளத்தைக் கத்திரிக்கோலால் வெட்டலாம். வெட்டின துண்டைச் சின்னக் கல்லில் வலையால் கட்டி வைத்தால் சில வாரத்தில் ஒட்டிக்கொண்டு தனிப் பவளமாகும். என் தொட்டியில் இருக்கிற லெதர், புணேவில் ஒருவர் வீட்டுத் தொட்டியில் வெட்டி ஈர டப்பாவில் ராத்திரி ரயிலில் வந்தது. அதிலிருந்து இதுவரை ஒன்பது துண்டு கொடுத்திருக்கிறேன். கடலையே பார்க்காத பவளம், விதர்பாவில் பேரன் பேத்தி எடுத்தாச்சு. முதல் பவளம் இன்னொருத்தர் தொட்டியிலிருந்துதான் வரணும், கடலிலிருந்து வரக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு. சோவாந்திட் என்று பொத்தான் பொத்தானாக, கலர் கலராக ஒன்று விற்பார்கள். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக்கூடாது. முக்கியமா, அது ஒட்டியிருக்கிற கல்லைச் சுத்தம் பண்றேன் என்று வெந்நீரில் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கொட்டேஷனில் இருந்த ஐந்து பவளத்தில் ரெண்டு இதுதான். எச்சரிக்கை வரி ஒன்றும் இல்லை.

இந்த அவசரம் இன்றைக்கு முளைத்தது இல்லை. 1846-ல் லண்டனில் ஆனா தின் என்ற அம்மா, கடற்கரையில் எடுத்த பவளங்களை வீட்டில் உயிரோடு வைத்திருந்தார். பம்பு இல்லாத காலம். வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று தண்ணியைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் தினமும் அரைமணிக்கு மேல் ஆற்றுவாளாம், நம்ம ஊரில் டீ ஆற்றுவது மாதிரி. காற்று கலக்க அதுதான் வழி. (வரலாற்றில் பேர் அந்த அம்மாவுக்கு, கைவலி வேலைக்காரிக்கு. அது வேற பதிவு.) பின்னால் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-ல் கடல் தொட்டி பற்றிப் புத்தகம் போட, இங்கிலாந்து முழுக்கப் பித்துப் பிடித்தது. ஹாலுக்கு ஹால் தொட்டி. கூட்டம் கூட்டமாகப் போய் கடற்கரைப் பாறைக் குழிகளைச் சுரண்டி எடுத்தார்கள். அந்தக் கரைகள் வெறிச்சோடிப் போனதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் தன் புத்தகத்தில் வருத்தத்தோடு எழுதினார். தொட்டிகளும் கொஞ்ச வருஷத்தில் பரணுக்குப் போய்விட்டன. பித்து தணிந்தது, கரை திரும்பவில்லை.

"இவ்வளவு பிரச்சினைன்னா மொத்தமா தடை பண்ணிட வேண்டியதுதானே" என்று கேட்கிற அன்பர்கள் உண்டு. என் அலுவலகத்திலேயே ஒருவர், சுத்த சைவம், தினமும் கேட்பார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடலில் பிடித்துப் பையில் கட்டி விற்பதைத் தடுங்கள், சயனைடு அடித்துப் பிடிப்பவனை உள்ளே போடுங்கள், ரெண்டு நாள் பேக்கேஜ் விற்கிறவன் கடையை மூடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் தொட்டியில் பிறந்த கோமாளி மீன் ஜோடியும் வெட்டி வளர்த்த லெதரும் எந்தக் கடலையும் குறைப்பதில்லை. பவளம் ஒரு உயிர் என்பதே தெரியாமல் வளர்ந்த என்னைப் போன்றவன், அது ராத்திரி சுருங்கிக் காலையில் விரிவதை நாலு வருஷம் தினமும் பார்த்த பிறகுதான், ஊரில் அந்தக் கற்குவியல் என்னவென்று புரிந்துகொண்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது வரவில்லை.

"பணக்காரங்க விளையாட்டு" என்பவர்களுக்கு ஒரே வரி: ஆமாம், சின்னச் செலவு இல்லை. அதனால்தான் தவணையில் வாங்காதீங்க என்கிறேன்.

டிரான்ஸ்பர் விஷயத்துக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. மூணு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுகிற ஜாதி நாம. ஆர்டர் வந்தால் பதினைந்து நாளில் கிளம்பணும். தண்ணி, கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோ வரும் சாமான் அது. லாரியில் ஏற்றி எர்ணாகுளத்துக்கோ பாட்னாவுக்கோ கொண்டு போக முடியாது. கோமாளி மீன் நல்லாப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம்கூட இருக்கும், நம்ம சர்வீஸைவிட அதுக்கு மிச்சம் ஜாஸ்தி! ஆகவே தொட்டி வாங்குவதற்கு முன்னாலேயே, நாம போனால் இதை ஏற்றுக்கொள்ளப் போகிறவர் யார் என்று ஒரு பேர் கையில் இருக்கணும். நாமினி இல்லாமல் நாங்க அக்கவுண்டு திறந்தால் எத்தனை கேள்வி கேட்கிறோம்? என் தொட்டிக்கு நாமினி இங்கே ஒரு மராத்தி ஸ்கூல் டீச்சர். இப்போதே வாரம் ஒருமுறை வந்து தண்ணி மாற்றிப் பழகுகிறார். நான் லீவில் ஊருக்குப் போகும்போது சாவி அவர் கையில். மே மாசச் சூறாவளிக் காற்றில் மரம் சாய்ந்து ஏழு மணி நேரம் கரண்டு போனபோது இன்வெர்ட்டரில் பம்பை மட்டும் மாற்றிப் போட்டு மீனைக் காப்பாற்றியவர் அவர்தான், நான் தூத்துக்குடியில் கல்யாண வீட்டில் இருந்தேன். அப்படி ஒருத்தர் கிடைக்காவிட்டால் ஆரம்பிக்காதீங்க. கடுமையாகத் தெரியலாம். தெரியட்டும்.

மதுரைக்காரரிடம் இவ்வளவும் சொன்னேன். பையனும் பக்கத்தில் இருந்தான், எட்டு வயசு. "அங்கிள், அப்போ நெமோ எப்போ வரும்?" என்றான். காலண்டரை எடுத்து எண்ணிக் காட்டினேன். இன்னிக்குத் தண்ணி ஊற்றினால் முதல் ஆறு வாரம் ஒன்றும் கிடையாது. அப்புறம் காப்பித்தூள் கொட்டின மாதிரி பழுப்புப் பாசி வரும், அதன் பின்னால் பச்சைப் பாசி வரும், எல்லாத் தொட்டிக்கும் வரும், யாரையும் திட்டக்கூடாது. அதை மேய நத்தை வரும். நெமோ ஜோடி எட்டாவது வாரம். முதல் பவளம் நாலாவது மாசம். கல்லுக்கு கடல் கல் வேண்டாம், செயற்கைக் கல்லே போதும், பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது. பையன் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தான். "டெஸ்ட்டு நான் பண்ணலாமா? கலர் மாறுமா?" என்றான். அவங்கப்பா என்ன முடிவெடுத்தார் என்று தெரியாது. கொட்டேஷனை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை, என் மேஜையில்தான் கிடக்கு.

கொசுறு: எங்க லெதர் பவளம் தொப்பி பெருத்துப் பக்கத்துக் காளான்களுக்கு வெயில் மறைக்கிறது. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு வெட்டப் போகிறேன், ஆறு துண்டு தேறும். நாக்பூர், வர்தா, அமராவதி பக்கம் இருக்கிறவங்க யாருக்கு வேணுமோ சொல்லுங்க. காசு வேண்டாம். எட்டு வாரத்து அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் எழுதின நோட்டைக் கொண்டு வரணும். போட்டோ எடுத்து அனுப்பினால் ஏத்துக்க மாட்டேன், ஒரிஜினல் வேணும். பேங்க்காரன் புத்தி :-)